தாயக்கட்டையும் ஒரு கேள்வியும்

கெங்கவல்லியிலும் தம்மம்பட்டியிலும் கைபேசியில் சண்டை விளையாட்டு ஆடும் மாணவர்கள் 'லெவல் ஏறிடுச்சு', 'எக்ஸ்பி வந்திடுச்சு', 'ஹெச்பி கொறஞ்சிடுச்சு' என்று நாள்தோறும் புழங்கும் சொற்கள், திரையும் மின்சாரமும் வேண்டாத ஒரு விளையாட்டின் வழியாக உலகெங்கும் பரவியவை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டு வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அந்த விளையாட்டு, மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டியாக, முதலில் 1,000 படிகளே அச்சிடப்பட்டது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் வகுத்த அதன் விதிகளில் பாத்திரத்தின் தேர்ச்சி நிலை, அது ஈட்டும் அனுபவப் புள்ளி, அதற்கு எஞ்சியிருக்கும் உயிர்ப்புள்ளி ஆகியவை பென்சிலால் தாளில் எழுதப்பட்டன; பிற்காலக் கணினி விளையாட்டுகள் அந்தத் தாளைத் திரைக்குள் கொண்டுபோயின.

இவ்வகை விளையாட்டைப் 'பாத்திர விளையாட்டு' என்று இக்கட்டுரை குறிக்கிறது. பாத்திரம் என்றதும் சொப்புச் சாமான் நினைவுக்கு வருமானால் அது பிழையன்று. 'நீதான் அம்மா, நான்தான் கடைக்காரர்' என்று ஆளுக்கொரு வேடம் ஏற்றுச் சொப்பு வைத்து ஆடும் பிள்ளைகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு இரண்டே இடங்களில் உள்ளது. 'உன்னைச் சுட்டுவிட்டேன்', 'இல்லை, படவில்லை' என்று பிள்ளைகளுக்குள் எழும் தீராத வழக்கை இங்கே பகடை தீர்த்து வைக்கிறது. உலகத்தின் மற்ற எல்லாவற்றையும் சொல்லவும், மற்ற எல்லா மனிதர்களுக்கும் குரல் கொடுக்கவும் ஒருவர் தனியாக அமர்த்தப்படுகிறார். 'கேம் மாஸ்டர்' எனப்படும் அவரை நடத்துநர் என்று அழைப்பதே பொருத்தம்; பேருந்து நடத்துநரைப் போலவே இவரும் வண்டியை ஓட்டுவதில்லை, யார் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார் என்பதைக் கவனித்துக்கொண்டு இருக்கிறார்.

மூன்று முதல் ஐந்து பேரும் ஒரு நடத்துநரும் சேர்ந்தால் ஆட்டம் நடக்கும். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு மனிதரை மட்டும் தம்முடையவராக ஏற்று, அவருடைய பெயர், தொழில், கைத்திறன், குறைபாடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்கின்றனர். நடத்துநர் ஒரு சூழலை விவரித்து, 'என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கிறார். ஆட்டக்காரர் விடை சொல்கிறார். அந்த விடை எளிதில் நடக்கக்கூடியதாக இருந்தால் நடந்துவிடுகிறது, நடக்க முடியாததாக இருந்தால் அது முடியாது என்று சொல்லப்படுகிறது, இரண்டுக்கும் இடைப்பட்டதாகவும் தோற்றால் கதை சுவையாகத் திரும்பக்கூடியதாகவும் இருந்தால் மட்டுமே பகடை உருட்டப்படுகிறது. விதிப்புத்தகம் 300 பக்கம் இருந்தாலும் அதன் அச்சாணி இந்தச் சுழற்சிதான். புதிதாக வருபவர்களில் பலர் புத்தகத்தை முழுதும் படித்துவிட்டுத்தான் உட்காரவேண்டும் என்று எண்ணி உட்காராமலே போய்விடுவதால், இதை முதலிலேயே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பயன்படுத்தும் கணக்கும் கடினமானதன்று. வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், ஈர்ப்பு என்னும் ஆறு பண்புகளுக்கு எண்கள் உண்டு. பண்பின் எண் 10 என்றால் கூட்டல் ஏதுமில்லை, 16 என்றால் 3ஐக் கூட்டிக்கொள்ளலாம். இருபது பக்கங்கள் கொண்ட பகடையை உருட்டி, வந்த எண்ணோடு இந்தக் கூட்டலைச் சேர்த்து, நடத்துநர் குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. எளிய வேலைக்கு இலக்கு 10, நடுத்தர வேலைக்கு 15, கடினமானதற்கு 20. வலிமை 16 உள்ளவர் நடுத்தரமான ஒரு கதவை முட்டித் திறக்க முயன்றால் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். இருபது முகங்களில் ஒன்பது அவருக்குச் சாதகம், அதாவது 45 விழுக்காடு.

இந்த விளையாட்டின் முன்வரலாறு சுருக்கமாகவே இங்குப் போதும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தின் மேல் காய்களை நகர்த்திப் போர் பயின்றனர். அதன் வழிவந்த பொழுதுபோக்குப் போர் விளையாட்டில், 1969ஆம் ஆண்டு டேவிட் வெஸ்லி என்பவர் ஆட்டக்காரர்களிடம் படைகளைக் கொடுக்காமல் ஆளுக்கொரு தனிமனிதரைக் கொடுத்துப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் அமர்ந்திருந்த ஆர்னிசன் அதை மாயக்கதை உலகத்துக்கு மாற்றினார், கைகாக்ஸ் அதற்கு விதிநூல் வடிவம் கொடுத்தார். உரிமை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று பெரும்பாலோர் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பும் 2024இல் வந்த அதன் திருத்தமும் ஆகும்.

சேலம் மாவட்டத்துக் கூத்துக் களத்தை அறிந்தவருக்கு மேற்சொன்ன சுழற்சி புதிதாகத் தோன்றாது. திரைக்குப் பின்னிருந்து வரும் வேடத்தைக் கட்டியங்காரன் 'யார், எந்த நாடு, எதற்காக வந்தது' என்று வினவ, வேடதாரி தன்னை அறிவித்துக்கொள்ளும் முறை, நடத்துநரின் வினாவுக்கு மிக நெருங்கியது. கூத்தில் எழுதிப் படித்த பாட்டுக்கு இடையில் வரும் வசனம் பெரும்பாலும் களத்திலேயே பிறப்பது. அன்றைய ஊரையும் அன்றைய செய்தியையும் கட்டியங்காரன் அதற்குள் இழுத்துவிடுவான். ஆயினும் இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்கு மேல் நீட்டுவது இரண்டு கலைகளுக்கும் நியாயமாகாது. கர்ண மோட்சம் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் அனைவருக்கும் கர்ணன் சாவான் என்பது தெரியும். எப்படிச் சாகிறான் என்று காண்பதற்கே அவர்கள் உட்கார்ந்திருக்கின்றனர். பாத்திர விளையாட்டில் கர்ணன் சாவானா என்பது நடத்துநருக்கே தெரியாது, தெரிந்து வைத்திருந்தால் அவர் ஆட்டத்தைக் கெடுத்தவராகிறார். பார்வையாளர் என்று ஒருவரும் இல்லாமல் ஆடுபவர்களே பார்ப்பவர்களாகவும் இருப்பது மற்றொரு வேறுபாடு. கூச்சமுள்ளவர்கள் இதில் துணிந்து இறங்குவதற்கு அதுவே காரணம்.

தமிழ்நாட்டு மண்ணோடு தொடர்புடைய ஒருவரின் பெயர் இவ்விளையாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டம் பலிகானப்பள்ளியில், மிகவும் வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்காக 1997இல் ஆபிரகாம் ஜார்ஜ் தொடங்கிய சாந்தி பவன் என்னும் உறைவிடப் பள்ளியின் செயல்பாட்டுப் பொறுப்பை வகித்த அவருடைய மகன் அஜித் ஜார்ஜ், 2021இல் வெளியான 'வான் ரிச்டன்ஸ் கைடு டு ரேவன்லாஃப்ட்' என்னும் நூலில் களாகேரி என்னும் இந்தியச் சாயல்கொண்ட நாட்டை எழுதினார். அரியணைக்காக உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் விடாமல் துரத்தும் அந்நாட்டில் மகாராணி ரம்யா வாசவதன் செத்தும் ஆளுகிறாள். அடுத்த ஆண்டு அவரும் வெஸ்லி ஷ்னைடரும் முன்னின்று தொகுத்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிடாடல்' நூலின் 13 கதைகளையும் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களே எழுதினர். அவற்றுள் ஒன்றான 'இன் தி மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா'வை எழுதியவர், கொல்கத்தாவில் பிறந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல். வங்கத்தின் ஆறுகளும் காடுகளும் அதன் பின்புலம்.

அஜித் ஜார்ஜ், மிமி மண்டல் ஆகியோரின் வருகையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய மாற்றம் ஒன்று விதிகளிலேயே நிகழ்ந்திருக்கிறது. எல்ஃப், குள்ளர், ஓர்க் முதலிய மாயக்கதை மக்கள் முற்பதிப்புகளில் 'இனம்' என்று வகுக்கப்பட்டு, இன்ன இனத்தில் பிறந்தவருக்கு அறிவு கூடும், இன்ன இனத்தில் பிறந்தவருக்கு உடல்வலிமை கூடும் என்று எண்கள் தரப்பட்டிருந்தன. பிறப்பைக் கொண்டு திறனை எழுதிவைக்கும் இந்த ஏற்பாட்டைத் தமிழ் வாசகர் ஒருவர் படித்தால் அதற்கு இங்கே வேறு பெயர் உண்டு என்பது உடனே விளங்கும். 2024ஆம் ஆண்டு திருத்தத்தில் 'இனம்' என்ற சொல் நீக்கப்பட்டு 'உயிரினம்' என்னும் பொருள்தரும் சொல் வந்தது. பண்புகளின் கூட்டல் பிறப்பிலிருந்து கழற்றப்பட்டு, அம்மனிதர் வளர்ந்த பின்னணிக்கும் பழகிய தொழிலுக்கும் மாற்றப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் என்றாலும் வரவேற்கத்தக்கது.

இனி, கெங்கவல்லியில் இருக்கும் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது? பணம் செலவழிக்கத் தேவையில்லை. விதிகளில் பொதுவான பகுதியான 'எஸ்ஆர்டி 5.1' என்னும் ஆவணம், உரிம நிபந்தனைகளை இறுக்க முயன்ற விசார்ட்ஸ் நிறுவனத்தின் மேல் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்ததன் விளைவாக, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது; மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், எவரும் அதைத் தமிழில் பெயர்க்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். உடனாட ஆளே கிடைக்காதவருக்கு ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட 'அயர்ன்ஸ்வார்ன்' இலவசமாகக் கிடைக்கிறது. நடத்துநர் இல்லாமல் ஒருவர் தனியாகவே ஆடுவதற்கும் அதில் வழி இருக்கிறது. ஒரே பக்கத்தில் முடியும் விதிகளும் பல உண்டு. எனினும் முதல் மாலைக்கு இவற்றில் எதுவும் கட்டாயமில்லை, ஏனெனில் தேவையான பகடை பெரும்பாலான வீடுகளின் பரணிலோ பூசையறை மூலையிலோ ஏற்கெனவே கிடக்கிறது.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் உள்ளங்கைகளுக்கு இடையில் தேய்த்து உருட்டும்போது, ஒவ்வொன்றிலும் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள் இருப்பதால், 16 வகையான விழுதல்கள் உண்டாகின்றன. அவற்றுள் மூன்று விழுவதற்கு நான்கு வழிகள் உள்ளன, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, தாயத்துக்கும் ஐந்துக்கும் இவ்விரண்டு, ஆறுக்கு ஒன்று, இரண்டு கட்டையும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. பல ஊர்களில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு என்பதை அனைவரும் அறிவர். அதே வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: மறு ஆட்டம் கிடைக்கும் எண் விழுந்தால் எண்ணியது முழுமையாகக் கைகூடுகிறது, மூன்றோ நான்கோ விழுந்தால் கைகூடுகிறது, 'ஆனால்' என்று ஒரு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது, இரண்டு விழுந்தால் காரியம் கெட்டு நிலைமை மோசமாகிறது. 16இல் ஆறு முழு வெற்றி, ஏழு 'ஆனால்', மூன்று தோல்வி என்னும் இந்தப் பங்கீடு புதியவர்களை அரவணைக்கும் தன்மையுடையது. கடினமான வேலையாயின் மூன்றையும் தோல்வியில் சேர்த்துக்கொண்டால் தோல்வி ஏழாகிவிடும். கட்டை இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டைகள் உதவும். இருபது பக்கப் பகடையே வேண்டும் என்பவர் இருபது துண்டுச்சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். கீழடி அகழாய்வில் தந்தப் பகடை கிடைத்த நாட்டில் பகடைக்காக இணையக்கடையில் காத்திருப்பது சற்று வேடிக்கையானது.

தமிழில் ஆடுவது ஆங்கிலத்தில் ஆடுவதைவிடக் குறைவுபட்டது என்னும் தயக்கம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் நடத்துநருக்குத் தமிழ் தரும் சில கருவிகள் ஆங்கிலத்தில் கிடையா. 'அங்கே ஒரு குகை இருக்கிறது' என்பதற்கும் 'அங்கே ஒரு குகை இருக்கிறதாம்' என்பதற்கும் இடையில் உள்ள அந்த ஓர் 'ஆம்', செய்தி நேரில் கண்டதா செவிவழி வந்ததா என்பதை ஆட்டக்காரருக்கு உணர்த்திவிடுகிறது. கவனமாகக் கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு 'யார் சொன்னது?' என்று தொடரலாம். முன்பின் தெரியாத ஒருவர் வழியில் சேர்ந்துகொண்டு 'நாம போகலாம்' என்கிறாரா, 'நாங்க போறோம்' என்கிறாரா என்பதில் அவர் எந்தப் பக்கம் என்பது வெளிப்பட்டுவிடும். அதுவரை 'நாம' என்றவர் திடீரென்று 'நாங்க' என்றால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'வாங்க', 'வா', 'வாடா' ஆகிய மூன்றுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் ஒரு பக்க விவரணை செய்யும் வேலையைச் செய்கிறது. நடிப்புக்குரல் வராதவர் 'அவள் பேரம் பேசிப் பார்க்கிறாள்' என்று படர்க்கையில் சொல்லிவிட்டுப் போவதும் முறையான ஆட்டமே.

கதைக்களத்துக்கும் வெளியூர் போகவேண்டியதில்லை. தெற்கே பச்சைமலை, ஊரை ஒட்டிச் சுவேத நதி, தூங்குவாகை மரத்தில் தெய்வ உருவங்களும் வாகனங்களும் செதுக்கும் தம்மம்பட்டிப் பட்டறைகள், வீரகனூர் ஆட்டுச் சந்தை, வசிஷ்ட நதிக்கரையில் ஆத்தூர்க் கோட்டை ஆகியவை ஒரு நாள் சுற்றுக்குள் அமைந்த ஊர் கெங்கவல்லி. சற்றுத் தள்ளினால் ஓரி ஆண்டதும், சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை காத்ததுமாகிய கொல்லிமலை. வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தை அரக்கனாக்கி ஆடுவதை மட்டும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அத்தெய்வத்துக்குப் பொங்கல் வைப்பவர் அதே மேசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். சாதிச் சண்டை, பெண்கள் மீதான வன்முறை, தற்கொலை ஆகியவற்றுள் எவை கதையில் வரலாம், எவை வரவே கூடாது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே எல்லோரும் கலந்து பேசி முடிவுசெய்வது உலகெங்கும் ஆட்டக்காரரிடையே வழக்கமாகிவிட்டது. ஜான் ஸ்டாவ்ரோபொலஸ் என்பவர் அறிமுகப்படுத்திய முறையில், பெருக்கல் குறியிட்ட ஓர் அட்டை மேசை நடுவே கிடக்கும். எவர் அதைத் தொட்டாலும் காரணம் கேளாமல் அந்தக் காட்சி கைவிடப்படும். அட்டைக்குப் பதில் கவிழ்த்துவைத்த ஒரு டம்ளரும் அந்த வேலையைச் செய்யும்.

சான்றாக ஒரு கதையை எடுத்துக்கொள்ளலாம். ஊர்த் திருவிழாவுக்காகச் செய்த குதிரை வாகனத்துக்குக் கண் திறக்கவேண்டிய நாளுக்கு முந்தைய இரவில், அதற்கென்றே வைத்திருந்த உளி பட்டறையிலிருந்து காணாமற்போகிறது. ஆட்டக்காரர் மூவர்: பட்டறையில் வேலை பழகும் இளைஞன், வீரகனூர் ஆட்டு வியாபாரி, பச்சைமலையில் தேனெடுக்கும் பெண். தேடல் ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறது.

"ஆத்துல முழங்காலுக்கு மேல தண்ணி ஓடுது. அக்கரையில ஒரு டார்ச் லைட்டு விட்டு விட்டு எரியுது. சாயங்காலம் ஒரு ஆளு அந்தப் பக்கம் போனானாம், டீக்கடைக்காரர் சொல்றாரு. என்ன பண்றீங்க?" என்கிறார் நடத்துநர்.

"போனானாமா? அண்ணே, நீங்க பாத்தீங்களான்னு கேக்கறேன்," என்கிறார் வியாபாரியாக ஆடுபவர்.

இதற்குக் கட்டை உருட்டத் தேவையில்லை. கேட்டால் விடை வரும். "அவரு பாக்கல. மச்சான் சொன்னதுங்கறாரு. மச்சான் எங்கன்னு கேட்டா அக்கரையைக் கை காட்டறாரு."

"நான் தண்ணியில எறங்கறேன். தேனுக்குப் போற வழிதான் இது, கல்லு எங்கெங்க கெடக்குன்னு எனக்குத் தெரியும்," என்கிறார் மூன்றாமவர். இது தோற்றாலும் சுவைதான் என்பதால் கட்டை உருளுகிறது. மூன்று.

"கடந்துட்டீங்க. ஆனா இடுப்புல செருகியிருந்த தீப்பெட்டி முழுசா நனைஞ்சுபோச்சு. நீங்க கரையேறுன நேரத்துல அந்த டார்ச் லைட்டும் அணைஞ்சிருச்சு."

தீப்பெட்டி நனைந்ததுதான் இங்கே விலை. அவள் ஆற்றைக் கடக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் கதை அதே கரையில் நின்றிருக்கும். புதிய நடத்துநர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை இந்த வெறும் 'இல்லை'தான். அதற்கு அடுத்தது மிகைத் தயாரிப்பு: மலைமேல் நடக்கவேண்டிய இறுதிக் காட்சியை எட்டுப் பக்கம் எழுதிவைத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் மலையேறாமல் டீக்கடை மச்சானையே சுற்றிச் சுற்றி வரும்போது அவர்களை இழுத்துக்கொண்டு போக முயல்வது. உளியை எடுத்தது யார், ஏன், தடுக்கப்படாவிட்டால் விடியும்போது என்ன நடக்கும் என்னும் மூன்று விடைகள் அரைத்தாளில் இருந்தால் ஒரு மாலைக்குப் போதுமானது. ஆட்டக்காரர் பக்கம் நேரும் பிழை ஒன்றுதான், வாய்ப்பேச்சில் வல்லவர் ஒருவரே மூவருக்கும் சேர்த்துப் பேசுவது. அப்போது நடத்துநர் பேசாதவரின் பாத்திரப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது?' என்பதுபோல் விடை சொல்ல எளிதான ஒன்றைக் கேட்கலாம். விதியில் ஐயம் எழுந்தால் நடத்துநர் அந்த நேரத்துக்கு ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு நகரவேண்டும்; சரிபார்ப்பது ஆட்டம் முடிந்த பிறகு. முதல் அமர்வு இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாமல், கதை முடியாவிட்டாலும் ஆவல் குறையாத இடத்தில் நிறுத்தப்படுவது நல்லது.

கலைவதற்கு முன், பள்ளி நோட்டு ஒன்றின் பக்கத்தில் யார் எங்கே இருக்கிறார், யார் கையில் என்ன இருக்கிறது, யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பது மூன்று வரிகளில் எழுதப்படுகிறது. மேற்சொன்ன ஆட்டம் அங்கேயே நின்றிருந்தால் அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவே: தேனெடுப்பவள் அக்கரையில், இருட்டில், நனைந்த தீப்பெட்டி அவளிடம், ஒரு சிற்றுளி இக்கரையில் பட்டறைப் பையனிடம், வியாபாரி டீக்கடைக்காரருக்கு மூன்று டீக்குக் காசு தரவேண்டும்.